தீவில் குறைந்த செலவில் தங்க: ஹாஸ்டலா, கெஸ்ட் ஹவுஸா, கடற்கரைக் குடிலா?

“இரவு தூங்கத்தானே, எந்த இடமாக இருந்தால் என்ன?” என்று கேட்பவர்கள் வெப்பமண்டலத் தீவு ஒன்றில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். நீண்ட அந்தி கிடையாது. சூரியன் கடலில் இறங்கிய அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடும். சின்னத் தீவு என்றால் கடைகளும் தெருவிளக்குகளும் படகுத்துறையைச் சுற்றித்தான் இருக்கும். அதைத் தாண்டினால் கைவிளக்கோடுதான் நடக்க வேண்டும். ஆக, மாலை ஆறரையிலிருந்து மறுநாள் விடியும்வரை நாம் இருக்கப்போவது தங்குமிடத்தில். உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் ஒதுங்கப்போவதும் அங்கேதான். தீவுப் பயணத்தில் பாதிக்கு மேல் கழிகிற இடத்தை, விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நான் முதலில் தனியாகவும் பிறகு தங்கையோடும் சில தீவுகளில் இப்படித் தங்கியிருக்கிறேன். பலர் சேர்ந்து படுக்கும் ஹாஸ்டல் டார்மிட்டரியில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் வியர்த்துக் கிடந்திருக்கிறேன். மூங்கில் குடிலில் கொசுவலைக்குள் படுத்து அலையோசை கேட்டபடி தூங்கியிருக்கிறேன். ஒரு குடும்பத்தின் மாடி அறையில், காய்ச்சலில் கிடந்த தங்கையின் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டு விடிய விடிய விழித்திருக்கிறேன். இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. யாருக்கு, எத்தனை இரவுக்கு என்று கேட்டால் சொல்வேன்.

தனியாகப் போகிறவர், அதுவும் அந்தத் தீவுக்கு முதல்முறை போகிறவர், முதல் இரண்டு இரவுகளுக்கு ஹாஸ்டல் டார்மிட்டரியில் படுக்கை எடுக்கலாம். இரண்டு இரவுகளுக்கு மேல் முன்பதிவு செய்ய வேண்டாம். இரண்டு பேராகப் போகிறவர்கள் நேரே கெஸ்ட் ஹவுஸுக்குப் போய்விடலாம். கடற்கரைக் குடில், தீவு கொஞ்சம் பழகிய பிறகு, மழை இல்லாத மாதத்தில். கூடாரம் போடுவதைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

ஹாஸ்டல் என்ற ஏற்பாடு எப்படித் தோன்றியது என்று தெரிந்தால், அதிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்துவிடும். 1909-இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துப் போயிருந்தார். வழியில் இடியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி, வைக்கோல் பரப்பிப் படுத்தார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடங்களை நடந்து வரும் பிள்ளைகளுக்கு இப்படித் திறந்துவிட்டால் என்ன என்ற யோசனை அந்த இரவில்தான் அவருக்கு வந்தது. 1912-இல் ஆல்ட்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி திறக்கப்பட்டது. ஓர் ஆசிரியரின் கவலையில் பிறந்தது என்பதாலேயே இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. படுக்கையைச் சுருக்கி, எல்லோரும் கூடி உட்காரும் கூடத்தை விரிப்பதுதான் அதன் அடிப்படை. ஹாஸ்டலில் நாம் கொடுக்கும் காசின் பெரும்பகுதி அந்தக் கூடத்துக்குத்தான் போகிறது. கூடத்தில் உட்காரப் பிடிக்காதவர், புதியவர்களோடு பேசத் தயங்குபவர், அந்தக் காசைக் கொடுத்துவிட்டுச் சிறிய படுக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார். அவருக்கு அது நட்டம்.

கூடத்தின் பலனை நான் கோ தாவோவில் கண்டேன். தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் அந்தத் தீவின் பரப்பு சுமார் 21 சதுர கிலோமீட்டர்தான். ஒரு மாலையில் மே ஹாட் படகுத்துறையில் இறங்கி, முதுகுப் பையோடு ஹாஸ்டலுக்கு நடந்தேன். வாசலில் முப்பது நாற்பது ஜோடிச் செருப்புகள், எல்லாவற்றிலும் மணல். கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தது. மறுநாள் தீவைச் சுற்றிவரப் படகு வாடகைக்கு எடுப்பதாக யாரோ எழுதி, கீழே மூன்று பெயர்கள் இருந்தன. படகுக்காரர் ஆறு பேரை ஏற்றினாலும் ஒருவரை ஏற்றினாலும் வாடகை ஒன்றுதான். தனி ஆளாகப் போனால் எனக்குக் கட்டுப்படியாகாது என்று அந்த ஆசையையே விட்டுவிட்டிருந்தேன். நான்காவதாக என் பெயரை எழுதினேன். இரவுக்குள் ஆறு பேர் சேர்ந்துவிட்டோம். அந்த ஒரு நாளில் மிச்சமான தொகை இரண்டு இரவுப் படுக்கைக் கட்டணத்தைவிட அதிகம்.

அதே கூடத்தில், மூன்று வாரமாகத் தங்கியிருந்த ஒரு பெண், நான் போக நினைத்திருந்த ஒரு சிறு வளைகுடாவைப் பற்றிச் சொன்னாள். மதியத்துக்குப் பிறகு அங்கே நீர் வற்றிவிடும்; திரும்பி வரும்போது பவளப் பாறைமேல் மிதித்துத்தான் வர வேண்டியிருக்கும்; காலும் கிழியும், பவளமும் சாகும் என்றாள். காலையிலேயே போய்விட்டுத் திரும்பினேன். எந்த வழிகாட்டி வரைபடத்திலும் அது இல்லை. முதல் இரண்டு இரவுகளுக்கு ஹாஸ்டல் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். எந்த நேரத்தில் எந்தக் கரை, எந்த வண்டிக்காரர் நியாயமானவர், நாளைக்குப் படகு போகுமா போகாதா என்ற செய்திகளெல்லாம் அந்தக் கூடத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்றாம் நாள் அவை நமக்கே தெரிந்துவிடும். அதன்பின் கூடத்தின் மதிப்பு குறைந்துகொண்டே போகும். அறையின் தொல்லை கூடிக்கொண்டே போகும்.

அறையின் தொல்லை என்றால் முதலில் தூக்கம். அன்று எங்கள் அறையில் எட்டுப் படுக்கைகள். அதிகாலை நாலரை மணிக்கு, முதல் படகைப் பிடிக்க வேண்டிய ஒருவர் பையைக் கட்ட ஆரம்பித்தார். விளக்கைப் போடாமல், அடிமேல் அடி வைத்து, மிகுந்த நாகரிகத்தோடுதான் செய்தார். ஆனாலும் பாலித்தீன் கவர்களின் சலசலப்பு இருபது நிமிடம் ஓயவில்லை. துவைத்த துணி ஒரு கவரில், துவைக்காதது ஒரு கவரில், சோப்பு ஒன்றில். அவர் போன பிறகு அடுத்தவரின் அலாரம். தீவு ஹாஸ்டல்களில் இது தினமும் நடக்கும். படகு நேரங்களை ஒட்டித்தான் அங்கே எல்லோருடைய வாழ்க்கையும் ஓடுகிறது. கட்ட வேண்டியவர் முன்னிரவிலேயே கட்டிவிட வேண்டும். துணிகளைக் கவருக்குப் பதிலாகத் துணிப்பையில் வைத்தால் மற்றவர்கள் தூங்கலாம்.

டார்மிட்டரி என்று முடிவு செய்தவர்கள் பார்க்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. பன்னிரண்டு படுக்கை அறைக்கும் நான்கு படுக்கை அறைக்கும் கட்டண வித்தியாசம் சிறியது, தூக்கத்தில் வித்தியாசம் பெரியது. பெண்கள் தனியாகப் போனால் பெண்களுக்கு மட்டுமான அறை இருக்கிறதா என்று கேட்கலாம். நான் எப்போதும் கேட்டுத்தான் எடுப்பேன். அங்கே பாதுகாப்பு உணர்வோடு, ஈர உடைகளைக் கூச்சமில்லாமல் காயப்போடும் சுதந்திரமும் கிடைக்கிறது. கீழ்க்கட்டிலா மேல்கட்டிலா என்பது சூட்டைப் பொறுத்தது. மின்விசிறி மட்டும் உள்ள அறையில் சூடு மேலே ஏறித் தங்கும். தகரக் கூரையாக இருந்தால் மேல்கட்டிலில் நள்ளிரவு வரை வேகும். அங்கே கீழ்க்கட்டில்தான். ஏசி அறையில் காற்று நேரே மேல்கட்டிலில் அடித்துத் தொண்டையைக் கட்டிவிடும். அங்கேயும் கீழ்க்கட்டில்தான் என் தேர்வு. ஏசி அறை என்று போட்டிருந்தால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல ஹாஸ்டல்களில் பகலில் அதை நிறுத்திவிடுகிறார்கள். பல சிறு தீவுகளில் டீசல் ஜெனரேட்டரில்தான் மின்சாரம். டீசலும் படகில்தான் வருகிறது. அவர்கள் சிக்கனம் பிடிப்பதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் நடுப்பகல் ஒதுங்கலை நம்பிப் போகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. ஒரு நல்ல பூட்டு கொண்டு போங்கள். தடிமனான வளையம் உள்ளது லாக்கரின் துளையில் நுழையாது, மெல்லிய வளையம் உள்ளது நுழையும்.

படுக்கையைப் பற்றி ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு ஹாஸ்டலில் மூன்றாம் நாள் காலை என் முழங்கையிலிருந்து தோள் வரை வரிசையாகத் தடிப்புகள் இருந்தன. கொசு என்றுதான் நினைத்தேன். கட்டில் சட்டத்தின் இடுக்கில் விரலை விட்டு மெத்தையின் ஓரத் தையலைப் புரட்டிப் பார்த்தபோது பேனா மையைத் தெளித்தாற்போலக் கறுப்புப் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே தட்டையாக, பழுப்பு நிறத்தில் இரண்டு மூட்டைப்பூச்சிகள். வரவேற்பில் இருந்தவர் வருத்தப்பட்டார், வேறு கட்டில் கொடுத்தார். ஆனால் மூட்டைப்பூச்சி கட்டிலோடு நிற்பதில்லை, பைக்குள் ஏறி நம்மோடு ஊருக்கும் வந்துவிடும். இருந்த துணியையெல்லாம் சலவைக் கடையில் கொடுத்து, அதிகச் சூட்டில் உலர்த்தச் சொல்லி வாங்கினேன்; சூட்டில்தான் அவை சாகும். மூட்டைப்பூச்சி நோய் எதையும் பரப்புவதாகத் தெரியவந்ததில்லை என்பது ஓர் ஆறுதல். மன உளைச்சல் மட்டும் ஒரு மாதம் இருந்தது. அன்றிலிருந்து எந்த அறைக்குப் போனாலும் பையைத் தரையிலோ கட்டிலிலோ வைப்பதற்கு முன் மெத்தையின் நான்கு மூலைத் தையலையும் புரட்டிப் பார்க்கிறேன். இரண்டு நிமிட வேலை. மலிவான இடத்துக்கு மட்டும் சொல்லவில்லை. ஆட்கள் தினமும் மாறுகிற எந்த அறைக்கும் இது பொருந்தும்.

ஹாஸ்டலிலேயே தனியறை எடுப்பதைப் பலர் நடுவழி என்று நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது இரண்டும் கெட்டான். கீழே கூடத்தில் நடக்கும் பாட்டும் சிரிப்பும் நள்ளிரவு வரை அறைக்கு வரும். டார்மிட்டரியில் கிடைக்கும் பழக்கம் மட்டும் வராது. கட்டணமோ பக்கத்துத் தெரு கெஸ்ட் ஹவுஸுக்குச் சமமாக இருக்கும். உங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் டார்மிட்டரியில் இருந்து, நீங்கள் மட்டும் தனியே தூங்க விரும்பினால் எடுக்கலாம். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கணக்கையும் பார்த்துவிடலாம். டார்மிட்டரிப் படுக்கை ஒன்றின் கட்டணத்தை 1 என்று வைத்துக்கொண்டால், நான் தங்கிய தீவுகளில் குடும்பத்தினர் நடத்தும் சாதாரண கெஸ்ட் ஹவுஸ் அறை 2 முதல் 2.5 வரை இருந்தது. தனி ஆளுக்கு இது இரட்டிப்புச் செலவு. இரண்டு பேருக்கு? இரண்டு படுக்கைகள் 2. அறை 2 அல்லது அதற்குச் சற்று மேல். அந்தச் சிறு வித்தியாசத்துக்குத் தனிக் குளியலறை, பூட்டிய கதவு, துணி காயப்போட இடம், விருப்பப்பட்ட நேரத்துக்கு விளக்கை அணைக்கும் உரிமை எல்லாம் கிடைக்கின்றன. அதனால்தான் இரண்டு பேராகப் போகிறவர்கள் டார்மிட்டரிக்குப் போவதைக் கண்டால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடுவது படகுத்துறையிலிருந்து இருக்கும் தூரம். மலிவான ஹாஸ்டல் ஏன் மலிவு என்று பார்த்தால் பாதி நேரம் அது மேட்டின்மேல், கரையிலிருந்து தள்ளி இருக்கும். இறங்கியதும் வண்டிக்கு ஒரு தொகை, தினமும் கடலுக்குப் போய்வர ஸ்கூட்டர் வாடகை, அதற்குப் பெட்ரோல். செங்குத்தான, மணல் படிந்த தீவுச் சாலைகளில் ஸ்கூட்டர் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் முழங்காலையும் முழங்கையையும் உரித்துக்கொண்டு வருவதை ஒவ்வொரு ஹாஸ்டல் கூடத்திலும் பார்த்திருக்கிறேன். நடந்தே கடலுக்குப் போகக்கூடிய அறை ஒன்றரை மடங்கு கட்டணமானாலும் அதுவே மலிவு. ஸ்கூட்டர் எடுத்தே தீர வேண்டும் என்றால், பாஸ்போர்ட்டை மட்டும் அடகாகக் கொடுக்காதீர்கள். பணமாக முன்தொகை வாங்கிக்கொள்ளும் இடம் தேடினால் கிடைக்கும்.

கெஸ்ட் ஹவுஸுக்கு வருகிறேன். சில இடங்களில் இது அண்மையில் திறந்த கதவு. மாலத்தீவில் நெடுங்காலம் வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் தனித்தனி ரிசார்ட் தீவுகளிலேயே தங்க வேண்டியிருந்தது. 2009-ஐ ஒட்டி விதிகள் தளர்ந்த பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ்கள் பெருகின. மாஃபுஷி போன்ற தீவுகளுக்குச் சாதாரண வருமானக்காரர் போய்வர முடிவது அதனால்தான். அதற்கு ஈடாக, அங்கே வாழும் மக்களின் ஒழுங்குக்கு நாம் உட்பட வேண்டும். மது கிடையாது, நீச்சலுடையில் இருக்க அதற்கென ஒதுக்கிய கரைக்குத்தான் போக வேண்டும். அது சரிதான் என்று நினைக்கிறேன். நாம் போவது அவர்கள் வீட்டுக்கு.

கெஸ்ட் ஹவுஸின் அருமை உடம்புக்கு முடியாதபோது தெரியும். ஒரு தீவில் நாலாம் நாள் மாலை தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. வெப்பமண்டலத் தீவில் காய்ச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், வீட்டைச் சுற்றித் தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். இரவில் மட்டும் கொசுவலை கட்டிக்கொண்டு, பகலில் வலைத்தொட்டிலில் கை காலை நீட்டிக்கொண்டு கிடந்தோமே என்று அப்போதுதான் உறைத்தது. “அக்கா, லைட்டை அணைக்காதே, பயமாக இருக்கிறது” என்றாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எட்டுப் பேர் படுத்திருக்கும் அறையில் அந்த ஒரு விளக்கை எரியவிட முடியுமா? கீழ்வீட்டு அம்மாள் விஷயம் தெரிந்ததும், மொழி தெரியாத நிலையிலும், ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து வைத்தார். காலையில் அவர் மகனே தன் வண்டியில் எங்களைச் சுகாதார மையத்துக்கு அழைத்துப் போனான். ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை. இரண்டு நாளில் எழுந்துவிட்டாள். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் அந்த மாதிரிக் காய்ச்சலில் தொடக் கூடாது, ரத்தக் கசிவு வரலாம், பாராசிட்டமால் மட்டும் போதும் என்று அங்கிருந்த செவிலியர் சொன்னதை இன்றும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், தூக்கம் லேசானவர்கள், மடிக்கணினியில் வேலையும் பார்க்க வேண்டியவர்கள், குழந்தையோடு போகிறவர்கள் ஆகியோருக்கெல்லாம் கெஸ்ட் ஹவுஸ்தான் சரி. ஒரு குறை உண்டு. தனியாகப் போகிறவருக்கு மாலை ஆறரைக்குப் பிறகு அந்த அறை மிகவும் நீளமாகத் தெரியும்.

இனிக் கடற்கரைக் குடில். எனக்கு இதன்மேல் ஆசை அதிகம் என்பதால் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மூங்கில் தட்டிச் சுவருக்குப் பூட்டு போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். மதிப்புள்ள பொருளை வரவேற்பில் ஒப்படைத்துவிட வேண்டும். கொசுவலையில் ஓட்டை இருந்தால் அன்றைய இரவு போயிற்று. ஊசி நூல் கொண்டுபோவது நல்லது. மணல் ஈக்கள் கரைக்கு மிக அருகில் காலையிலும் மாலையிலும் கடிக்கும், கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர்.

சிறு தீவுகளில் நிலத்தடி நன்னீர் என்பது உப்பு நீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. நன்னீர் உப்பு நீரைவிட இலேசானது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலில் வழங்கும் கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வருகிறது. மேலே ஒரு முழம் இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு நீர் அதைப்போலப் பல மடங்கு ஏறி வரும். கரையை ஒட்டியிருக்கும் குடில்களில் குழாயைத் திறந்தால் சோப்பு நுரைக்காத உவர் நீர் வருவதற்குக் காரணம் இதுதான். கோடையில் அது இன்னும் மோசமாகும். தலைமுடி சிக்குப் பிடிக்கும், துணி விறைக்கும். இது குடில்காரரின் குற்றமில்லை. தீவின் கொள்ளளவு அவ்வளவுதான். எங்கே தங்கினாலும் தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் குளிக்க வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பேன். அந்த வில்லையைக் குடிக்க நம்பியிருப்பவர்கள் நாம் கிளம்பிய பிறகும் அங்கேயே இருக்கப்போகிறவர்கள்.

இத்தனையும் தெரிந்தே நான் மறுபடியும் குடிலுக்குப் போவேன். மின்சாரம் நின்ற ஓர் இரவில், ஜெனரேட்டரின் இரைச்சலும் ஓய்ந்த பிறகு, கடல் ஓதம் ஏறும்போது ஒரு சத்தமும் வற்றும்போது வேறொரு சத்தமும் அலைக்கு உண்டு என்பதைக் குடிலில் படுத்துத்தான் கேட்டேன். ஏறும்போது அலை மணலில் மொத்தென்று விழுகிறது. வற்றும்போது கூழாங்கற்களையும் சிப்பிகளையும் இழுத்துக்கொண்டு போகும் கலகலப்பு. கூரை ஓட்டிலிருந்து ஒரு பெரிய பல்லி ஏழு முறை கூப்பிட்டது. எந்த ஏசி அறையும் இதைத் தராது.

மழை மாதங்களில் மட்டும் குடில் வேண்டாம். அந்த மாதங்கள் எவை என்பது தீவுக்குத் தீவு மாறும். ஒரே நாட்டுக்குள்ளும் மாறும். தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கத் தீவுகளில் மே முதல் அக்டோபர் வரை மழை. வளைகுடாப் பக்கத்துக் கோ தாவோ, கோ சமூய் தீவுகளில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் கனமழை. ஒன்றின் பருவத்தைப் பார்த்து இன்னொன்றுக்குப் பதிவு செய்தவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

கூடாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல தீவுகளில் ஒதுக்கப்பட்ட இடம் தவிர வேறெங்கும் அனுமதி இல்லை. தென்னைமரத்தடியில் போடக் கூடாது. தேங்காய் தலையில் விழுந்தால் விளையாட்டில்லை. காய்ந்த கடற்பாசியும் சிப்பியும் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு வெகு மேலே போட வேண்டும், அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அந்தக் கோட்டையும் தாண்டி வரும். துணிச் சுவருக்குள் வெப்பமண்டல இரவின் புழுக்கம் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முக்குளிப்புப் (ஸ்கூபா டைவிங்) பயிற்சிக்காகப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கோ தாவோ போன்ற தீவுகளில் பயிற்சிப் பள்ளிகள் பல, மாணவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ படுக்கை கொடுக்கின்றன. 18 மீட்டர் ஆழம் வரை இறங்கத் தகுதி தரும் தொடக்கநிலைப் பயிற்சி மூன்று நான்கு நாட்களில் முடிந்துவிடும். அத்தனை நாட்களும் தங்குமிடச் செலவு ஏறக்குறைய இல்லை. இங்கே எச்சரிக்கை ஒன்று. படுக்கை இலவசம் என்பதற்காகப் பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள், கருவிகளைத் தொட்டுப் பாருங்கள், அதன் பிறகு படுக்கையைப் பாருங்கள். பல நாள் முக்குளித்தவர்கள் கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. அதாவது, தரையில் ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும். அந்த இரவுக்கும் தங்குமிடக் கணக்கில் இடம் விடுங்கள்.

எங்கே பதிவு செய்தாலும் நான் பார்க்கும் இன்னொன்று, கழிவு எங்கே போகிறது என்பது. பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவை 2018 ஏப்ரல் 26 முதல் அக்டோபர் 26 வரை ஆறு மாதம் பயணிகளுக்கு மூடினார்கள். விடுதிகள் பல சாக்கடையை நேரே கடலில் விட்டதுதான் முதன்மைக் காரணம். மலிவான இடம் ஏன் மலிவு என்பதற்குச் சில நேரம் இதுவே விடையாக இருக்கும் என்ற எண்ணம் எனக்கு உறுத்தும். ஹாஸ்டலின் பின்பக்கம் ஒரு நடை நடந்து பாருங்கள். கறுப்பு நீர் ஓடை கடலை நோக்கிப் போனால், பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே இருக்க வேண்டியதில்லை. இரண்டு இரவு முடிந்ததும் கிளம்பிவிடலாம். குடிநீர் நிரப்பிக்கொள்ளப் பொதுக் கேன் வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்கிறேன். ஒவ்வொரு பிளாஸ்டிக் பாட்டிலையும் திரும்பப் படகேற்றி அனுப்ப வேண்டிய இடம் அது.

அடுத்த முறை தனியாகப் போகும்போது எனக்கு ஆறு இரவுகள் இருந்தால் இப்படிப் பிரித்துக்கொள்வேன். முதல் இரண்டு இரவு, படகுத்துறையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், நான்கு படுக்கைப் பெண்கள் அறை, கீழ்க்கட்டில். இரண்டாம் நாள் காலை வெயிலேறுமுன் கரையோரமாக நடந்துபோய், குடில்களை நேரில் பார்ப்பேன். குழாயைத் திறந்து நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பேன், கொசுவலையை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பேன். பிடித்ததில் மூன்று இரவு. நேரில் போய்க் கேட்டால், மூன்று இரவு என்று சொன்னால், கூட்டமில்லாத நாட்களில் கட்டணத்தைக் குறைக்காதவர்களை நான் பார்த்ததில்லை. ஆறாம் இரவு மறுபடி படகுத்துறைக்குப் பக்கத்தில். கடல் கொந்தளித்தால் காலைப் படகு ரத்தாகும், அடுத்தது எப்போது என்பது துறையில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும். பையை முன்னிரவிலேயே கட்டி, கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிடுவேன். பாலித்தீன் கவர் ஒன்றுகூட அதில் இருக்காது.